வேளாங்கண்ணிக்குப் போகாத விமானம்

ஜெனீற்றா விமானம் ஏறினாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கிற, இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம். உள்ளே கால் நீட்ட இடமில்லை. குடிக்கத் தண்ணீர் சும்மா தரமாட்டார்கள். ஏழு கிலோவுக்கு மேல் ஒரு துவாய் இருந்தாலும் முறைப்பார்கள். இருக்கிறதிலேயே மலிவான பயணச்சீட்டு என்பதால் திகதியை மாற்ற முடியாது; மூன்றாம் நாள் திரும்பியே ஆக வேண்டும். கூடப் போன சிநேகிதி தாரிகா, ஜெனீற்றா விமானப் படியில் கால் வைத்ததைப் படம் பிடித்து முகநூலில் போட்டுத் தொலைத்தாள்.

அவ்வளவுதான். ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் வாய்கள் திறந்துகொண்டன. படமெடுக்கிறேன் என்று திரிந்தவள் வெளிநாட்டுக் காசில் பறக்கிறாளாம். எந்த வெளிநாடு? எவன் காசு? ஊர்காவற்றுறைத் தையற்கடையில் பள்ளிக்கூடச் சட்டை தைத்து இடுப்பு ஒடிகிறவள் அவள். கிழமை முழுக்கத் தைத்துவிட்டு ஞாயிறு தோறும் படகேறி நெடுந்தீவுக்குப் போய், கைத்தொலைபேசியாலேயே இரண்டு வருடம் எடுத்த படம் அது. அதையெல்லாம் யார் கண்டது? விமானத்தை மட்டும் எல்லாரும் கண்டுவிட்டார்கள்.

படம் எதைப் பற்றி என்றால், நெடுந்தீவில் ஒரு சின்னப் படகுத்துறையைப் பற்றி. அங்கே படகில் இறங்கப் படி கிடையாது. நோயாளியைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, நாலு பேர் தூக்கி, ஆடுகிற படகுக்குள் இறக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்திய மாரிக்காலத்தில் அப்படித் தூக்கும்போது கதிரை சறுக்கியது. மரியநாயகத்தின் மனைவி றோஸ் கடலுக்குள் விழுந்து செத்துப்போனாள். அந்த மனிதர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே அதைச் சொல்வதுதான் படத்தின் உயிர். அந்தத் துறைக்குப் படி கட்டுவிக்க வேண்டும். அதற்காகத்தான் படம், வேறொன்றுக்கும் இல்லை.

சென்னையில் ஒரு சின்னப் பட விழாவில் காட்டி இரண்டு மாதமாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை அதிகாரிகளுக்கு முன்னால் படத்தைப் போட்டு, கூடவே மனுவையும் கொடுக்க ஏற்பாடு. மனுவில் கடற்றொழிலாளர் சங்கம் கையெழுத்திட வேண்டும். அதற்காக இந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு மடிக்கணினியும் மனுவுமாக நெடுந்தீவுச் சங்கக் கட்டடத்துக்கு வந்து நின்றாள் ஜெனீற்றா.

சங்கத் தலைவர் கிறிஸ்ரி மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மரியநாயகம் தன்ரை பகுதியைப் படத்திலையிருந்து வெட்டச் சொல்லிப் போட்டான் பிள்ளை. அவன் ஒப்பம் வைக்காமல் நாங்கள் வைக்க ஏலாது."

"ஏன் அண்ணை? என்ன நடந்தது?"

"ஏனெண்டோ? மெட்ராசுக்குப் பறந்தனீர், வேளாங்கண்ணிக்குப் போகேல்லை. கடல் தாண்டிப் போற எங்கடை சனம் ஆரும் மாதாவைக் கும்பிடாமல் திரும்பி வந்திருக்கினமோ? றோஸின்ரை கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி, ஒரு சொட்டு எண்ணெய்? செத்தவளைக் காட்டிப் பிளேன் ஏறினனீர்தானே?"

அடக் கடவுளே! வேளாங்கண்ணி என்ன சென்னை விமான நிலையத்து வாசலிலா இருக்கிறது? ஒரு இரவு முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். ஜெனீற்றாவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அது மலிவுச் சீட்டு அண்ணை. திகதி மாத்த ஏலாது. பிந்தினால் அங்கைதான் கிடக்க வேணும்."

"மலிவுப் பிளேனோ?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் இழுத்தார். "அப்ப பஸ் மாதிரி நிண்டுகொண்டே போனனீர்?" எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரியுங்கோ!" என்று வெடித்தாள் ஜெனீற்றா. "பிளேன் எண்டால் நான் காசுக்காரி, ஊரை வித்தவள். மலிவுப் பிளேன் எண்டால் பிச்சைக்காரி. உங்களுக்கு எப்பிடித்தான் போக வேணும்? நீந்தியோ? அந்தப் படத்தைப் பாக்க அங்கை பதினொரு பேர்தான் வந்தவை. மற்றக் கதிரையெல்லாம் வெறும் கதிரை. வந்த காசுமில்லை, கிடைச்ச பேருமில்லை. அந்தப் பதினொரு பேரும் படி கட்டியாச்சோ எண்டு கேட்டவை. இஞ்சை ஒருதரும் அதைக் கேக்கேல்லை. எண்ணெய் எங்கை, மெழுகுதிரி எங்கை எண்டு கேக்கிறியள்!"

மூலையில் இருந்த மரியநாயகம் அப்போதுதான் எழுந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"எண்ணெய்க் கதை இவங்கள் சொல்லுறது, பிள்ளை. நான் அதைக் கேக்கேல்லை."

"அப்ப ஏன் அண்ணை வெட்டச் சொன்னனீங்கள்?"

"மெட்ராசுக்கு ஒண்டரை மணித்தியாலத்திலை போய்க் காட்டினனீர். குறிகட்டுவானிலையிருந்து படகிலை இஞ்சை வர ஒரு மணித்தியாலம். றோஸ் என்ரை மனுசி. பதினொரு பேர் பாத்திட்டினம் எண்டுறீர். நான் இன்னும் பாக்கேல்லை."

விழாவுக்குப் புறப்படுகிற அன்று விடியத்தான் ஜெனீற்றா படத்தை முடித்தாள். திரும்பி வந்ததும் பள்ளிச் சட்டைகள் குவிந்து கிடந்தன. பெரிய திரை கட்டி ஊருக்கே ஒன்றாகக் காட்டலாம் என்று இரண்டு மாதத்தைக் கடத்திவிட்டாள். ஊர் பேசியது அத்தனையும் அநியாயம். இந்த ஒன்று மட்டும் நியாயம். அது அவளைச் சுட்டது.

"பிழை என்ரைதான் அண்ணை."

"சரி. இப்ப போடும்."

மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். எல்லாரும் கதிரைகளை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள். மரியநாயகம் மட்டும் நின்றபடியே பார்த்தார். றோஸின் திருமணப் படம் வந்தபோது அவர் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. கதிரை சறுக்கிய கதையைத் திரையில் அவரே சொல்லச் சொல்ல, சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நாற்பது நிமிடத்தில் படம் முடிந்தது. கிறிஸ்ரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லா எடுத்திருக்கிறீர் பிள்ளை. பாக்க வடிவாயிருக்கு."

மரியநாயகம் திரும்பிய வேகத்தில் பக்கத்துக் கதிரை கவிழ்ந்தது.

"வடிவோ?" அந்தக் குரலை ஊர் முதன்முதலாகக் கேட்டது. "என்ரை மனுசி கடலிலை தாண்டு செத்தது உனக்கு வடிவோ? வடிவு பாக்கவோ இந்தப் பிள்ளை ரெண்டு வருசமாய்க் கடல் கடந்து வந்தவள்?"

மனுவை எடுத்துத் தன் பெயரை எழுதினார். பேனாவைக் கிறிஸ்ரியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"கையெழுத்தை வையடா."