எறங்கி வந்தியே

நாற்பது வருஷமாக நடிக்கிறேன். சிங்கள டெலி நாடகம் பார்க்கிற வீடுகளில் என் முகம் எல்லோருக்கும் தெரியும். பெற்றீசியா என்ற பெயர்தான் யாருக்கும் தெரியாது. வேலைக்காரி, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறவள், இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கமராவுக்கு முன்னால் அதைக் கடித்துக் குதறித்தான் பேசவேண்டும். தோட்டத்து அம்மா எப்படிப் பேசுவாள் என்று எனக்கே சொல்லித் தருவார்கள். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வேன்.

அதனால்தான், கஜேந்திரன் என்றொரு டைரக்டர் கொழும்பிலிருந்து வருகிறார், யுத்த காலத்து இரண்டு தோழிகளைப் பற்றிப் படம் எடுக்கிறார், தமிழ்த் தோழியின் வேஷத்துக்கு என்னைப் பார்க்க வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை வருகிற வேஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்கு வேண்டும். இதை விட்டால் இனி ஒன்று வராது.

செய்தியைக் கொண்டுவந்தவள் யூஜினா. டயகம தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மாதா கோயில் நாடகக் குழுவிலும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகத்தில் நான் மாதா. யூஜினாவுக்கு மேடை என்றால் கை கால் நடுங்கும். அவள் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பாள். என் மூச்சு கொஞ்சம் நின்றாலே போதும், வசனத்தை விட்டுவிட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். பின்னாலிருந்து என்ன வருகிறதோ அதை யோசிக்காமல் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம்.

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் தேர்வு நடந்தது. யூஜினாவும் கூட வந்து எனக்குப் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டாள். கஜேந்திரன் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு வசனத் தாளைக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் கொழும்புல இருந்து பஸ்ல வர்றாங்கம்மா. காளியாயிகிட்ட, அதான் ஒங்க வேஷம், அடையாள அட்டை இல்ல, செக்பொயின்ட்ல எறக்கிடுறாங்க. அவ தோழி குசுமா பேசாம போயிருக்கலாம். ஆனா அவளும் எறங்கி வந்து, இவளக் கொண்டுபோனா என்னயும் கொண்டுபோங்கன்னு நிக்கிறா."

தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன்.

"யூஜினாம்மா சொன்ன கதைதான். ஒங்களுக்கு நடந்ததாமே. தோழிய மட்டும் சிங்களமா மாத்திட்டோம். அப்பதான் ரெண்டு பக்கமும் பாப்பாங்க."

திரும்பிப் பார்த்தேன். யூஜினா தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது எனக்குத் தெரியாதா? வானொலி நாடகம் ஒன்றில் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தோம். பிறப்புப் பத்திரம் இல்லாமல், அதனால் அட்டையும் இல்லாமல் அன்று தோட்டங்களில் எத்தனையோ பேர் இருந்தோம். யூஜினாவிடம் அட்டை இருந்தது. என்னை இறக்கிவிட்டு அவளை உட்காரச் சொன்னார்கள். கீழே நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

பொலிஸ் கூண்டில் என்ன நடந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. என்னை வெளியே விட்ட அன்று பணிஸும் பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பசித்தது, சாப்பிட்டேன். அதையே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"பேசலாமாம்மா?" என்றார் கஜேந்திரன்.

காளியாயி வயதான பிறகு குசுமாவிடம் பேசுகிற இடம். ஆரம்பித்தேன். "பஸ்ஸு நெறைய ஆளுங்க இருந்தாங்க. நான் கூப்பிட்டேன். எல்லாரும் வேற பக்கம் பாத்தாங்க."

அதற்கு மேல் வரவில்லை. அடுத்த வரி நாக்கில் இருந்தது, வாய் மறுத்தது.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. எத்தனையோ பாஸ்குவில் கேட்ட, எனக்கு மட்டும் கேட்கிற அதே தாழ்ந்த குரல்.

"நீ எறங்கி வந்தியே புள்ள."

நான் வசனத்தை மறந்துவிட்டதாக நினைத்தாள். நான் நின்றால் எடுத்துக் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த தாளை மடியில் கவிழ்த்தாள்.

'இவள் இறங்கவில்லை' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கதை போயிருக்கும். கதையோடு என் வேஷமும் போயிருக்கும்.

"நீ எறங்கி வந்தியே புள்ள," என்றேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒன்ன நெனச்சாத்தான் எனக்கு மனுசங்க மேல நம்பிக்க வருது."

கண்ணீர் தானாக வந்தது. கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு உண்மையா யாரும் செஞ்சதில்லம்மா. நீங்கதான் காளியாயி." வேஷம் கிடைத்துவிட்டது. இனி அவளுடைய பொய்யை நாடு முழுக்க என் வாயால் கேட்கும். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

டயகம பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் அக்கரப்பத்தனையைத் தாண்டியது.

"வேணும்னு சொல்லல பெற்றீசியா," என்றாள் கடைசியில். "எறங்கியிருக்கணும், எறங்கியிருக்கணும்னு நெனச்சி நெனச்சி எனக்கே நெசமாயிருச்சு."

நான் வாழ்க்கைப்பட்ட தோட்டம் அவள் வீட்டுக்கு முந்தின நிறுத்தம். எழுந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளும் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு, நானும் எறங்கி லயம் வரைக்கும் வர்றேன்."

"நீ உக்காரு," என்றேன். "எறங்குறதுக்குத்தான் படத்துல வேற ஆளப் போட்டாச்சே."

அவள் உட்கார்ந்துகொண்டாள். பஸ் போய்விட்டது.