அருணாதேவியின் காந்தம்

தாமிரம் போடாத குடுவையிலும் வேதிவினை நடந்திருந்தது.

குடுவையிலிருந்து ஒரு சொட்டு வைத்துச் சோதித்த தகட்டைச் சிந்துஜா புற ஊதா விளக்கின் கீழ் மறுபடி வைத்தாள். வினை நடந்ததைக் காட்டும் அதே நீலப் புள்ளி, அதே உயரத்தில். மூன்று வருட ஆராய்ச்சியில் அவள் சொல்லிவந்தது ஒன்றுதான்: தாமிரம் தொட்டால்தான் நைட்ரஜன் ஒற்றை எலக்ட்ரானோடு விடுபடும், கண்ணிமைக்கும் நேரம்கூடத் தனித்திருக்காமல் பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அவள் கட்டுரை அனுப்பிய ஆய்விதழ் கேட்டது தாமிரமில்லாமல் ஒரு சோதனை. அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் இரண்டு வாரத்தில் கொடுக்கவேண்டிய ஆய்வேடே பொய்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலைகளை மறித்திருந்தார்கள். வேங்கிக்கால் கல்லூரியின் வேதியியல் கூடத்தில் அவளும், குடுவை கழுவும் வெள்ளையம்மாளும் மட்டுமே. நண்பகல் வெயிலில் ஜன்னலை அடைத்துக்கொண்டு மலை நின்றது.

"அக்கா, இந்தக் குடுவைய ஒழுங்கா கழுவுனீங்களா?"

"என்னையா கேக்குற? மூணு வாட்டி ஆசிட்ல போட்டேன். அதுல மூஞ்சி பார்த்து நீ பொட்டு வெச்சிக்கலாம்."

"அப்போ இந்தக் கறை எங்கேர்ந்து வந்துச்சு?"

வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். குடுவையின் அடியில், கலக்குவதற்காகச் சுழலும் சிறு காந்தம். வெள்ளை உறையில் சாம்பல் கறை.

"அந்த மேக்னெட்ட மட்டும் நான் ஆசிட்ல போடறதில்லம்மா. அது அருணாதேவி அம்மாவோடது."

சிந்துஜாவுக்கு முன் அதே மேசையில் வேலை செய்தவள் அருணாதேவி. ஆய்வேட்டை முடிக்கும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் காந்தம் ராசியானது என்று கூடத்தில் பேச்சு. ஆயுதபூஜையில் முதல் குங்குமம் அதற்குத்தான். சிந்துஜாவும் இதுவரை வேறு காந்தத்தைத் தொட்டதில்லை.

கறையில் பழைய தாமிரம் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. புதுக் காந்தங்கள் இரண்டைப் பிரித்தாள். ஒரு குடுவையில் தாமிரம் போட்டாள், மற்றதில் போடவில்லை.

நான்கு மணிக்குத் தகடுகளைப் பார்த்தாள். தாமிரம் இல்லாததில் புள்ளி இல்லை.

தாமிரம் போட்டதிலும் இல்லை.

அலமாரியிலிருந்து அருணாதேவியின் நோட்டை எடுத்தாள். இரும்பு, கோபால்ட், தாமிரம் என்று ஒவ்வொரு உலோகமாக எழுதி அடித்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'எதுவும் போடவில்லை. ஆனாலும் வருகிறது.'

"அக்கா, இந்த மேக்னெட்ட அவங்களுக்கு யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே இங்கதான் கெடந்துச்சு."

சிந்துஜா காந்தத்தை எடுத்துக் கொதிக்கும் அமிலத்தில் போட்டாள்.

"ஐயோ, ராசி போயிடும்மா!"

ஒரு மணி நேரமாயிற்று. அமிலம் நிறம் மாறாமல் தண்ணீர் போலவே இருந்தது. கறை துளியும் கரையவில்லை. அலசி, தாமிரமில்லாத புதுக் குடுவையில் அதைச் சுழலவிட்டாள். வெளிச்சம் மங்குமுன் தகட்டில் அந்த நீலப் புள்ளி வந்துவிட்டது.

ஆய்வு வழிகாட்டி சக்கரவர்த்தியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், வினைக்குக் காரணம் தாமிரம் இல்ல. ஆய்வேட்ட நிறுத்திடுங்க."

"பின்ன எந்த உலோகம்?"

குடுவையில் காந்தம் சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது.

"தெரியல சார். அருணாதேவிக்கும் தெரியல."