அலாரத்துக்கு ஆறு நிமிடம்

குளியலறைக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெயசுதா காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள். மகள் பிரியங்கா கை கழுவப் போய்ப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. இருபதாவது நிமிடம் போனில் அலாரம் அடிக்கும். அடித்ததும் பிரியங்காவே குழாயை மூட வேண்டும். அதுவரை யாரும் கதவைத் தட்டக் கூடாது, திட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது. கோயமுத்தூர் டாக்டர் சொன்னபடி அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டது அது. போன மாதம் ஐம்பது நிமிடத்தில் தொடங்கினார்கள். பிரியங்காவே காலண்டரில் பென்சிலால் குறித்து வருகிறாள். ஐம்பது, நாற்பது, முப்பது. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக இருபது.

பதினொன்றாவது படிக்கிற பெண்ணுக்குக் கை கழுவ இவ்வளவு நேரமா என்று கேட்காத ஆள் வேலம்பாளையத்தில் பாக்கி இல்லை. அறிவுரை சொல்லக் காசா பணமா? மாமியார் தாயத்துக் கட்டச் சொன்னார். சொந்தக்காரர் ஒருவர், போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஜெயசுதா வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளுக்கு எதிரே நிற்கிற குப்பாயி, "நீ இங்க நாளெல்லாம் பனியன்ல கறை தேடறே. உம்புள்ள ஊட்டுல தேடுது, வேறென்ன?" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து பனியனை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம் ஜெயசுதாவுக்குக் கை கூசுகிறது. தன்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ? அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது காதோடு நின்றுவிட்டது. குப்பாயி சொன்னதுதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அது நான்கு வீடுகள் கொண்ட லைன் வீடு. எல்லோருக்கும் மேலே ஒரே தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய். அதை மூடித் திறக்கிற கேட்வால்வு பின்சுவரில் இருக்கும். பக்கத்து வீட்டுச் சித்ராதேவிக்கு அன்று விருந்தாளி. அவளுடைய அண்ணன் மனைவி குண்டடத்திலிருந்து வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள ஆரு? நான் வந்ததுலிருந்து தண்ணி உழுந்துட்டே கெடக்குது" என்றாள் வந்தவள்.

"நம்ம ஜெயசுதா புள்ளதானுங்க அண்ணி. கை கழுவற சீக்கு. அதுக்கு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போறாங்க."

"கை கழுவறதுக்கு ஆஸ்பத்திரியா! நாலு சாத்து சாத்துனா தெளிஞ்சுருமே. " வந்தவள் ஜெயசுதா பக்கம் திரும்பினாள். "அது உன்ன நல்லா ஏய்க்குது கண்ணு."

இருவரும் சிரித்தார்கள். கொடுமை என்னவென்றால், ஜெயசுதாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி தன்னை ஏமாந்த அம்மா என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாளே என்று இருந்தது. "இப்பப் பாருங்க, தானா வெளிய வருவா" என்று சொல்லிவிட்டுப் போனவள், பின்சுவரில் துருப்பிடித்த வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பதினான்காவது நிமிடம்.

"அப்படிப் போடு" என்றாள் வந்தவள்.

பிரியங்கா வெளியே வரவில்லை. "அம்மா, தண்ணி நின்னு போச்சு" என்று உள்ளிருந்து ஒரு தடவை கூப்பிட்டாள். ஜெயசுதா வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினாள். பிறகு அலாரம் அடிக்கிறவரை உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அலாரம் அடித்து ஓய்ந்த பிறகு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை. எதன்மேலும் படாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"தொட்டி காலியாப் போச்சாம்மா? நாந்தான் காலி பண்ணிட்டனா?"

'என் தப்பா, என் தப்பா' என்று அவள் கேட்கிற கேள்விகளுக்கு ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. அதுவும் டாக்டர் சொன்னதுதான். அதற்கென்று ஒரு பதிலை இருவரும் பழகி வைத்திருந்தார்கள். ஜெயசுதாவின் வாய் அதைத்தான் சொன்னது. "தெரியல சாமி. தெரியாமயே கொஞ்ச நேரம் இருந்து பாக்கலாம்."

இத்தனை நாளும் அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு வாயே வராது. இன்று எவ்வளவு சுலபமாக வந்தது! மகளைக் காப்பாற்றக் கொடுத்த பதிலுக்குப் பின்னால், தான் போய் ஒளிந்துகொண்டதை நினைத்து அவள் குன்றிப்போனாள்.

பிரியங்கா அவளைத் தாண்டி வாசலுக்குப் போனாள். "மன்னிச்சுக்கங்க அத்தை. எல்லா ஊட்டுத் தண்ணியையும் நானே காலி பண்ணிட்டனுங்க."

சித்ராதேவி ஜெயசுதாவைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்றுதான் ஜெயசுதா நினைத்தாள். சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள்.

"பரவால்ல கண்ணு. மோட்டாரப் போட்டா வந்துரும்" என்று சொல்லிவிட்டுச் சித்ராதேவி தரையைப் பார்த்துக்கொண்டாள். வந்தவளும் இப்போது சிரிக்கவில்லை. நாள்பூராவும் குறை சொல்கிற சித்ராதேவி இன்று தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜெயசுதாவுக்கு அதுதான் பொறுக்க முடியாமல் போயிற்று.

"இங்க வா சாமி."

மகளைப் பின்சுவருக்குக் கூட்டிப்போனாள். அவள் பார்க்க, வால்வைத் திருகித் திறந்தாள். குழாய் இருமிவிட்டு, உள்ளே தண்ணீர் தடதடவென்று கொட்டத் தொடங்கியது.

"நாந்தான் மூடுனேன். உம்மேல தப்பே இல்ல."

பிரியங்கா வால்வைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்த துருவைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"இன்னைக்கு அலாரத்துக்கு முன்னாடியே மூடிரலாம்னு இருந்தேம்மா. பதினஞ்சுலயே."

உள்ளே குழாய் திறந்தபடியே கொட்டிக்கொண்டிருந்தது. போய் மூட ஜெயசுதாவுக்குக் கால் வரவில்லை. அதை மூட வேண்டியவள் எதிரே நின்றிருந்தாள். நீட்டிப் பிடித்த கைகளில் நுரை காய்ந்து, வெள்ளைப் பொருக்காக வெடித்துக்கொண்டிருந்தது.