பார்சிலோனாவிலிருந்து முதலாவதாக வந்தது

துசான் வீட்டுப் புறாப் பரணுக்கு முதல் கைத்துப்பாக்கி பறந்து வந்தது 1938 மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த களைப்பில் அது தீனித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, குழலைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. புறாக்கள் ஒதுங்கி இடம் விட்டன. கீழே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஒதில், எங்கிருந்து கடல் வாடை அடிக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

லியேஜ் நகருக்குக் கீழே மேஸ் ஆற்றங்கரையில் இருக்கும் வெர்மூ ஊரில் வாரத்தில் ஆறு நாள் துப்பாக்கி செய்வார்கள், ஏழாம் நாள் பந்தயப் புறா விடுவார்கள். அங்கிருந்த தொழிற்சாலையின் பொறியாளர்கள் பதின்மூன்று குண்டு பிடிக்கும் கைத்துப்பாக்கி ஒன்றை வரைந்திருந்தார்கள். குண்டுகள் இரண்டு வரிசையாக நின்றதால் பிடி ரொட்டி போலப் பருத்துவிட்டது. பார்க்க வந்த தளபதிகள் ஈரச் சோப்பைப் போல அதை நழுவவிட்டார்கள். மரப்பிடி செதுக்கும் துசானிடம் வேலை வந்தது. ஒழுங்காகப் பிடிக்க அவனுக்குத் தெரிந்தது புறாவை மட்டும்தான். மூன்று வாரம் பரணில் உட்கார்ந்து, நீல ஆண்புறா உள்ளங்கையில் எப்படிப் பொருந்துகிறதோ அப்படியே வால்நட் மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினான். மாலையானால் அதைக் காலிக் கூட்டில் வைத்துவிட்டு இறங்குவான். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் இலட்சக்கணக்கில் செய்தார்கள். தன் கூட்டில் வளர்ந்த குஞ்சை விற்றால் அது திரும்பி வந்துவிடும் என்பது வெர்மூவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அன்று யாருக்கும் அது தோன்றவில்லை.

துப்பாக்கியைத் தொண்ணூறு நாட்டுப் படைகள் வாங்கின. ஒட்டகப் படை வாங்கியது, பனிச்சறுக்குப் படை வாங்கியது. நடுவே யுத்தம் வந்து போனது. இரண்டு பக்கத்தாரும் அதையே இடுப்பில் கட்டியிருந்ததால், இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பியவை ஒரே கம்பில் சண்டையில்லாமல் உட்கார்ந்தன. பாலைவனத்திலிருந்து வந்தவை மணலை உதறின. பர்மாவிலிருந்து வந்த ஒன்றுக்குச் சளி பிடித்திருந்தது. திங்கட்கிழமைதோறும் தொழிற்சாலை வண்டி வந்து, பிரம்புக் கூடைகளில் அவற்றை அடைத்து, பழைய எசமானர்களுக்கே அனுப்பியது. புகார் எழுதிய படைகளுக்கு, இரண்டு வாரம் சன்னலைச் சாத்தி வைத்து நல்ல எண்ணெய் போடவும் என்று மரியாதையாகப் பதில் போயிற்று.

1954இல், அனுப்பியதைவிடத் திரும்பி வந்தது அதிகமாகி, இரும்பின் பாரம் தாங்காமல் பரணின் உத்திரம் விரிசல் விட்டது. சூப்புச் சட்டிக்குள் ஒரு செங்கல் விழுந்த அன்று, ஒதில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருபது வருஷமா பார்சிலோனா பந்தயத்துக்கு விடுற. எங்கண்ணன் எட்டுத் தடவை ஜெயிச்சாச்சு. உனக்கு ஒரு கோழி இறக்கைகூட கிடைக்கல. இந்தத் தடவையும் இல்லன்னா பரணப் பிரிச்சிரு. புறாவெல்லாம் அவனுக்குக் குடுத்துரு."

அவள் அண்ணன் செர்வே, பக்கத்து வீட்டுக்காரன். புறாக்களுக்குக் கூடு செய்து வைத்துவிட்டதாக மறுநாளே வேலிக்கு மேலே எட்டிச் சொன்னான். துசான் அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டைப் பரணிலேயே சாப்பிட்டான். தன்னிடமிருந்ததில் நல்லதான சாம்பல் நிறப் பெட்டைப் புறாவைப் பந்தயத்துக்கு அனுப்பினான்.

பார்சிலோனாவில் வெள்ளிக்கிழமை காலை கூடைகளைத் திறந்தார்கள். சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டே வந்தபோது அது ஒரு கைத்துப்பாக்கி. அதன் முதுகில், இறக்கையை மடக்கிக்கொண்டு, சாம்பல் பெட்டை வசதியாக உட்கார்ந்திருந்தது. துசான் அதன் காலிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, வந்த நேரத்தைப் பதியும் பந்தயக் கடிகாரத்தில் போட்டான். செர்வேயின் புறா நாற்பது நிமிடம் கழித்து வந்தது.

அன்று மாலை புறாப் பந்தயச் சங்கம் காப்பிக்கடையில் கூடியது. புறா தன் பலத்தில் பறக்க வேண்டும் என்பதுதான் விதி என்று செர்வே மேசையைத் தட்டினான்.

"சவாரி பண்ணி வந்திருக்கு தலைவரே. நான் என் புறாவ ரயில்ல ஏத்தி விட்டா ஒத்துப்பீங்களா?"

தலைவர் லெயோனார், துப்பாக்கி சுட்டுப் பரிசோதிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர், இரண்டு காதும் மந்தம். அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். வாங்கிய கை, புறா பார்க்கும் பழக்கத்தில், அதன் மார்பைத் தடவியது. கழுத்துப் பக்கம் ஊதிப் பார்த்தார். எடை போட்டுப் பார்த்தார்.

"செர்வே சொல்றது சரிதான். பெட்டை வெறும் பயணி. அதுக்குப் பரிசு கிடையாது," என்றார். செர்வே எல்லோருக்கும் பீர் சொன்னான். "அப்போ பறந்து வந்தது இது. நல்ல சதை. நம்பர் உடம்புலயே அடிச்சிருக்கு, வளையம்கூட தேவையில்ல. இது யார் பரண் துசான்?"

"என் பரண்தான்," என்றான் துசான்.

பரிசாக வந்த பன்றித்தொடையை ஒதில் வாங்கி அடுப்படியில் மாட்டினாள். மறுநாள் தச்சனை வரவழைத்து, அடுப்படிக்கு நடுவே உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள். அடுத்த வருடம் சங்கத்தின் விதிப்புத்தகத்தில், போட்டிக்கு வருபவை குண்டில்லாமல் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. செர்வேயும் புதிதாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, குளிர்காலம் முழுக்கப் பட்டாணி போட்டு வளர்த்து, பார்சிலோனாவுக்கு அனுப்பினான். அது முதலாவதாக வந்து துசானின் பரணில் இறங்கியது.