மேல்ரயிலடி வாழைத்தோட்டம்

பாங்காக்கில் எங்கள் சந்து முனையில், தூண்கள் மேல் ஓடும் மேல்ரயிலின் நிலையத்தை ஒட்டி ஒரு வாழைத்தோட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் நட்சத்திர ஓட்டல், மறுபக்கம் வங்கித் தலைமையகம், நடுவில் வாழை. அங்கே ஒரு முழம் மண் வாங்க என் ஆயுள் சம்பாத்தியம் போதாது. இடம் ஒரு பெரிய கம்பெனியுடையது. விலை ஏறட்டும் என்று வருஷக்கணக்கில் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். சும்மா கிடக்கும் நிலத்துக்கு வரி அதிகம் என்று சட்டம் வந்ததும் லாரி லாரியாகக் கன்றுகள் வந்து இறங்கின. அன்றிலிருந்து அது விவசாய நிலம். அதற்கு வரி பேருக்குத்தான்.

நான் சங்வான். தோட்டத்து மதிலை ஒட்டிய குறுகலான மாடிவீடு என்னுடையது, புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து. மேலே படுக்கை, கீழே அடுப்பு. எள்ளும் தேங்காயும் கலந்த மாவில் வாழைப்பழத்தைத் தோய்த்துப் பொரித்து விற்கிறேன். வாசலில் எண்ணெய்ச் சட்டி இருப்பதால் என் வீடு வணிகக் கட்டடமாம். குடியிருக்கும் வீட்டுக்கு வரி கிடையாது என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய பாக்கி, அபராதம் எல்லாம் சேர்த்து நோட்டீஸ் வந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வீடு ஜப்தி.

வட்டார அலுவலகத்துக்கு ஓடினேன். வரிப்பிரிவில் அனுசித் என்று ஒரு பையன். மரியாதை தெரிந்தவன்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"நீங்க வியாபாரம் பண்றீங்கக்கா. அதுக்கு இந்த வரிதான்."

"பக்கத்துல இருக்கறவனுக்கு?"

"அது விவசாயம்."

"அங்க யாரு தம்பி விவசாயி? பழம் பழுத்து அப்படியே அழுகுது. அணில்தான் தின்னுது."

"இத்தனை இடத்துக்கு இத்தனை மரம் நிக்கணும்னு கணக்கு இருக்குக்கா. நின்னா விவசாயம். யாரு திங்கறான்னு நாங்க பாக்கறதில்ல."

"அப்ப நானும் வாசல்ல ரெண்டு வாழை வைக்கிறேன்."

"வைங்க. சட்டியை எடுத்துட்டு வைங்க."

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கம்பெனி மேற்பார்வையாளன் தேவின் கடைக்கு வந்தான். பொரித்த பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"நாளன்னிக்கு வரி ஆபீஸ்லருந்து ஆய்வுக்கு வர்றாங்கக்கா. தோட்டத்துல ஆள் ஒருத்தர் வேலை செய்யற மாதிரி இருந்தா நல்லாயிருக்கும். காலைல வந்து நின்னா போதும்."

"உங்க ஆபீஸ்ல அத்தனை பேர் இருக்காங்களே, அவங்கள நிறுத்துங்க."

"அவங்க மூஞ்சியப் பாத்தா யாரு நம்புவா? நீங்க ஈசான்காரங்க, வடகிழக்குக் கிராமத்து ஆளு. உங்க முகத்துலயே வயக்காடு தெரியுது."

சட்டி எண்ணெயை அவன் மேல் ஊற்றியிருக்கலாம். ஆனால் அவன் சொன்ன கூலி என் வரிப்பாக்கிக்குச் சரியாக இருந்தது. அபராதமும் அடைந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

அன்று காலை ஓலைத்தொப்பி, ரப்பர் காலணி, பளபளவென்று ஒரு வெட்டுக்கத்தி எல்லாம் கொடுத்தார்கள். கத்தியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. தோட்டத்து நடுவில் நின்றேன். தலைக்கு மேல் ரயில் போனது. ஓட்டல் சன்னலிலிருந்து ஒரு வெள்ளைக்காரி என்னைப் படம் பிடித்தாள். என் அப்பா ஈசானில், ரோய் எட் மாகாணத்தில் நாலு துண்டு நிலத்தை உழுது, கடனில் அதையும் விற்றுவிட்டுச் செத்தார். அந்த மனுஷனின் மகள் இங்கே விவசாயி வேஷம் கட்டி நிற்கிறேன், என்னை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் மண்ணைத் தூவுவதற்காக.

தோட்டத்துக் கதவு திறந்தது. ஆய்வுக்கு வந்தவன் அனுசித். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஓரத்திலிருந்து மரங்களை எண்ண ஆரம்பித்தான்.

எனக்குத் தலைக்கேறியது. கூலியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். மரம் நின்றால்தானே விவசாயம்? நிற்காவிட்டால்? கத்தியை ஓங்கி முதல் மரத்தைச் சாய்த்தேன். அடுத்ததைச் சாய்த்தேன். தாரோடு, இலையோடு சடசடவென்று விழுந்தன. வாழைநீர் முகத்தில் தெறித்தது. "இங்க எவனும் விவசாயம் பண்ணல, எழுதிக்கோ தம்பி" என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன். மூச்சு வாங்கும்வரை வெட்டினேன். யாரும் தடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தேவின் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அறுவடை சார்" என்றான் அனுசித்திடம். "தார் முத்திடுச்சுன்னா மரத்தைச் சாய்ச்சுத்தானே எடுக்கணும்."

அனுசித் குனிந்து, வெட்டிய அடிமரத்தைப் பார்த்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு மூன்று கன்றுகள் நின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணினான், கணக்கு குறையவில்லை. கத்தியும் கறையுமாக நின்ற என்னைப் படம் எடுத்துக்கொண்டான். "அறுவடைப் பணி நடக்கிறது" என்று எழுதினான். தாருக்காக மரத்தைச் சாய்ப்பது ஊரில் சின்ன வயதிலிருந்து நான் செய்த வேலை. ஆத்திரத்தில் அது எப்படி மறந்துபோனதோ.

தேவின் கூலியைக் கையில் வைத்தான். "பிரமாதமா பண்ணிட்டீங்கக்கா. இவ்வளவு நாங்க எதிர்பாக்கவே இல்ல."

"ஒரு தார் எடுத்துக்கட்டுமா?"

"அது கம்பெனி சொத்துக்கா. எடுக்கக் கூடாது."

தார்களைக் குப்பை லாரியில் ஏற்றினார்கள். பணத்தை அவன் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் எனக்கு வீடு இல்லை. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வேஷத்தைக்கூடக் கழற்றாமல் வட்டார அலுவலகத்துக்கு நடந்தேன். அனுசித் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பணத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"முழுசும் இருக்கு. தொழில் என்னன்னு கேளு தம்பி."

அவன் ரசீதுப் புத்தகத்தை இழுத்துத் திறந்தான்.

"விவசாயம்" என்றேன். "விவசாயம் பண்ணித்தான் இந்த வியாபார வரியக் கட்டறேன். அவனுங்க வரியில மிச்சம் புடிச்சதுல எனக்குப் போட்ட பிச்சை இது. அதையும் நீங்களே புடுங்கிக்கோங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அனுசித் தலையை நிமிர்த்தவே இல்லை. நோட்டுகளில் என் கைக்கறை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு எண்ணத் தொடங்கினான்.