வெறுமையாகத் திரும்பாத வண்டி

போசேயின் வேலை, குழந்தை செத்த வீட்டுக்குப் போய் அந்தக் குழந்தையைக் கேட்பது. இதையே நாகரிகமாகச் சொல்ல ஆராய்ச்சிக்காரர்களிடம் வார்த்தைகள் இருந்தன. அவளிடம் இல்லை. சின்னப் பிள்ளைகள் எதனால் சாகின்றன என்று கண்டுபிடிக்க, செத்த உடம்பிலிருந்து ஊசியால் துளித்துளியாகச் சதை எடுக்க வேண்டும். அதற்குப் பெற்றவர்களின் சம்மதம் வேண்டும். நகரத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், வேலை முடிந்ததும் குளிப்பாட்டி, புது வெள்ளைத்துணி சுற்றி, அன்றைக்கே அடக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சில மாதம் கழித்துப் போசே மறுபடி போய், என்ன நோய் என்று சொல்லிவிட்டு வருவாள். பெரும்பாலும் மருந்துள்ள நோயாகவே இருக்கும்.

ஒவ்வொரு ஊரிலும் சாவுச் செய்தி சொல்ல ஒருவனை வைத்திருந்தார்கள். ரோத்திங்காவில் சாண்டிகி. அழுகை கேட்டதும் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடிப்போய் போன் செய்வான். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கமாட்டான். எபோலா வந்த வருஷம் ஊரே கற்றுக்கொண்ட பாடம் அது: தொடாதே, நுழையாதே, நம்பருக்குப் போன் அடி. எபோலா போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

அன்று காலையும் அப்படித்தான் போன் வந்தது. யேபுவின் மகன் என்றான். டிரைவர் பா தைமு வண்டியை விரட்டினார். போசே வெள்ளைத்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வாசலுக்குப் போனாள். யேபு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பையன். அவன் கால் அசைந்தது. தாயின் முழங்கால்தான் அசைந்தது என்று போசே முதலில் நினைத்தாள். பிறகு அவன் முனகினான்.

"வந்துட்டியா?" என்றாள் யேபு. "இன்னும் சாகலையே. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

போசே சாண்டிகியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அழுகைச் சத்தம் கேட்டுச்சுக்கா. நான் உள்ள போகல. உள்ள போகக்கூடாதுல்ல..."

"வெட்டி இழுத்துச்சு பையனுக்கு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "வெறச்சுப் போயிட்டான். போயிட்டான்னு நெனச்சு அழுதோம். அப்புறம் பாத்தா மூச்சு வருது. இந்த ஓட்டவாயன் அதுக்குள்ள பாறைக்கு ஓடிட்டான்."

போசே பையனின் நெற்றியில் கை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். இந்த வேலைக்கு வந்தபிறகு சூடான பிள்ளை எதையும் அவள் தொட்டதில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்தாள். தோல் உரித்த மரவள்ளிக்கிழங்குபோல வெளுத்திருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தது.

"உடம்புல ரத்தமே இல்ல. மலேரியா. இப்பவே வண்டில ஏத்து யேபு, பொழச்சுக்குவான்."

"இதுலயா?"

யேபு வண்டியைப் பார்த்தாள். முன்னால் ஒரே வரிசை இருக்கை, பின்னால் மூடிய பெட்டி.

"என் பொண்ணு இதுலதான் போனா. நீதான் வந்து கேட்டே. குடுத்தேன். அப்புறம் ஒருநாள் வந்து, நேரத்துக்கு மருந்து குடுத்திருந்தா பொழச்சிருப்பான்னு சொல்லிட்டுப் போனே. அவளுக்கு மூச்சு இருந்தப்ப இந்த வண்டி எங்கடி இருந்துச்சு?"

வண்டி அன்று நகரத்தில், ஆஸ்பத்திரி மதிலோரம், போனுக்காகக் காத்து நின்றது. 

"இப்ப வந்திருக்கில்ல? ஏறு."

"இது சாவ எடுக்கற வண்டி. கூப்டாச்சு, வந்துடுச்சு. இனி வெறுமையாத் திரும்பாது. இவன முன்னாடி மடியில வெச்சுக்கிட்டாலும் பின்னாடி எடம் காலியா இருக்கும். போற வழியில அது நெரப்பிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. எபோலா வருஷத்தில் இந்த ஊரிலிருந்து வண்டியில் ஏறிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஊரில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிளும் சந்தைக்குப் போயிருந்தது. பையன் வாயைத் திறந்து மூடினான். சத்தம் வரவில்லை.

போசேவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப நான் படுத்துக்கறேன் பின்னாடி. எடம் நெரம்பிடுச்சா? இப்பவாவது ஏறுவியா?"

வெட்கப்படட்டும் என்றுதான் சொன்னாள். யாரும் வெட்கப்படவில்லை. யேபு அவளை மேலும் கீழும் பார்த்தாள். சந்தையில் கோழியை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"துணிய மூடிக்குவியா?" என்று கேட்டாள்.

பா தைமு குறுக்கே வந்தார். "அடியே, உனக்கென்ன பைத்தியமா? அந்தக் கதவு உள்ளேருந்து தொறக்காது. செத்தவங்களுக்கு எதுக்குடா கைப்பிடின்னு வெக்காமலே விட்டுட்டானுங்க."

"போய்ச் சேந்ததும் நீங்க தொறந்து விடுங்க, பா. பேசிட்டே இருந்தா நெஜமாவே இவன அங்க படுக்க வெக்கணும்."

உள்ளே இருந்த தகரத் தட்டு சின்னப் பிள்ளைகளின் அளவுக்குச் செய்தது. போசே முழங்கால்களை மார்போடு மடக்கிக்கொண்டு படுத்தாள். யேபுவே வந்து வெள்ளைத்துணியைப் போர்த்தினாள். தலைமாட்டில் செருகினாள், கால்மாட்டில் செருகினாள். முகத்தைப் பார்க்கவில்லை. கதவு மூடியது. உடனே வெளியே பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

"போசே, எங்கள விட்டுட்டுப் போறியே! போசே, ஒருவார்த்தை சொல்லாமப் போறியே!"

சாவு வண்டி அழுகையில்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. குறையில்லாமல் அழுதார்கள். அதில் ஒருத்தி உண்மையாகவே அழுதாள். யாரென்று போசேவுக்குத் தெரியவில்லை.

செம்மண் பாதையில் வண்டி குதித்தது. ஒவ்வொரு குழியிலும் தட்டு முன்னால் நழுவி, இரும்புச் சட்டத்தில் இடித்தது. டக். அவள் தலையும் அதோடு இடித்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். வருஷக்கணக்காக முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். ஜாக்கி ஆடுகிறது என்று நினைத்திருந்தாள். 'பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்போம்' என்று எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறாள்.

குளோரினும் கற்பூரமும் கலந்த வாடை. அதற்கடியில் வேறொன்று. பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் யேபு பையனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். பாலம் தாண்டியதும் பேச்சு நின்றது. போசே காதைப் பலகையோடு ஒட்டினாள். இன்ஜின் மட்டும் கேட்டது. தட்டிக் கேட்கலாம். உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வார்த்தை. கையைத் தூக்கிவிட்டு இறக்கினாள். இந்தப் பெட்டிக்குள்ளிருந்து தட்டினால் முன்னாலிருப்பவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? கதவைத் திறந்து பிள்ளையோடு குதித்துவிடுவாள்.

வண்டி நின்றது. கதவுகள் அடித்தன. காலடிகள் ஓடின. அதன்பிறகு யாரும் வரவில்லை. தகரம் காய்ந்தது. வியர்வையில் துணி மூக்கோடு ஒட்டியது. விலக்கவில்லை. பையன் உள்ளே போனானா, எப்படிப் போனான் என்று தெரியும்வரை விலக்கக்கூடாது என்று தோன்றியது. ஏன் என்று அவளால் சொல்லியிருக்க முடியாது.

கடைசியில் திறந்தவன் பிணவறை அபாஸ். வழக்கம்போல வண்டியைப் பார்த்துத் தள்ளுவண்டியோடு வந்திருந்தான். துணி எழுந்து உட்கார்ந்ததும் 'பிஸ்மில்லா' என்று அலறிப் பின்னால் விழுந்தான்.

"நான்தான்டா. போசே."

"நாசமாப் போறவளே! ஒரு நாளைக்காவது உசுரோட ஒருத்தரக் கொண்டு வாங்கன்னு கேட்டேன். அதுக்கு நீயா கெடச்சே?"

குழந்தைகள் வார்டில் பையன் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பா தைமு சுவரோரம் உட்கார்ந்து, முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி பல்லைக் காட்டினார். "என் ரத்தம். இனி எவன் கேட்டாலும் இவன் முன்சீட்டுக்காரன்." பிறகு அவளைப் பார்த்தார். "ஐயோ. ஒன்ன மறந்தே போயிட்டேன் தாயி."

"யேபு," என்று போசே கூப்பிட்டாள். யேபுவின் தோள்கள் இறுகின. அவள் திரும்பவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும்போது, பையனை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று போசே ரோத்திங்காவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஊருக்குள் நடந்தாள். வணக்கம் சொன்னாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவரவருக்கு அவசரமாக வேலை வந்துவிட்டது. சாண்டிகி பாதையைவிட்டு இறங்கிப் புல்லில் நின்றான்.

பஞ்சுமரத்தடியில் ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சோறு, பனையெண்ணெயில் செய்த மீன், பக்கத்தில் சடங்குக்கு வைக்கும் இரண்டு கோலாக் கொட்டைகள். பெண்கள் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். செத்தவர் சாப்பிடும்போது பார்க்கக்கூடாது. வண்டி போசேயை ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அன்று நாற்பதாம் நாள்.

"போசே," என்றாள் யேபு, திரும்பாமலே. வேண்டுகிற குரல். "வந்து சாப்பிடு. வயிறாரச் சாப்பிட்டுட்டு ஒன் எடத்துக்குப் போயிடு. இவனத் தேடி வராத."

"யேபு, நான் இங்கதான் நிக்கறேன். உசுரோடதான் இருக்கேன்."

யேபு தலையைக் குனிந்துகொண்டு சொன்னதையே இன்னும் வேகமாகத் திரும்பச் சொன்னாள்.

சுவர் மறைவிலிருந்து பையன் எட்டிப் பார்த்தான். கன்னம் உப்பியிருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தான். பதிலுக்குச் சிரிக்க வாய் போனது. போசே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிஞ்சினாலும் செத்தவளுக்கு ஆசை தீரவில்லை, மறுபடி வருவாள் என்று சொல்வார்கள். நாலுபேருக்குப் போதுமான சோறு அது. வயிறு முட்டியது, மூச்சு அடைத்தது. நிறுத்தவில்லை.