லாபிரின் பெயர் இருந்த கணினி

புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே எனக்கு எரிச்சல். வேலையில் முதல் நாள். தேவையான மென்பொருள்களை ஒவ்வொன்றாய்ப் பொருத்தினால் பொழுது போய்விடும். குழுத் தலைவர் வினோதன் அண்ணா சிரித்தார்.

"ஏன் கீர்த்தனி கஷ்டப்படுறீங்கள்? லாபிர் தன்ர கணினிக்கு எழுதி வச்ச கோப்புறையை இறக்கி ஓட விடுங்கோ. எல்லாத்தையும் அதுவே செய்யும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

லாபிரை நான் பார்த்ததில்லை. எனக்கு முன் இங்கே வேலை செய்த கிண்ணியாக்காரர். ஒரு லீவு நாளில் மச்சானின் படகை எடுத்துக்கொண்டு தனியே கடலுக்குப் போனவர். படகு மட்டும் வடக்கே திரியாய் ஊர்க் கரையில் ஒதுங்கியது; உடல் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி பல்கீஸும் எங்கள் நிறுவனத்துக்குத்தான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும் என்று வீட்டார் சொன்னபோது, "அவர்ட மையத்தைக் காட்டுங்க, உடம்பைக் கண்டா இருக்கன்" என்றாளாம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

கோப்புறையை ஓட விட்டேன். திரையில் ஆங்கில வரிகள் ஓடின. நடுவே தமிழில் ஒன்று வந்தது.

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. இது சுணங்கும்."

சிரித்துவிட்டேன். குடித்துவிட்டு வந்தபோது அடுத்த வரி நின்றது.

"வந்திட்டீங்களா? நான் இஞ்சதான் இரிக்கன்."

பிடரி கூசியது. உச்சி வெயில், ஜன்னலுக்கு வெளியே துறைமுகம், கீழே மீன் லொறிகளின் இரைச்சல். அப்படியிருந்தும் யாரோ என் கதிரைக்குப் பின்னால் நிற்பதாகப் பட்டது. எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் அவர் வைத்தபடி. நான் ஒரு விசையை அழுத்தினால் கணினி அவருக்குப் பழகியதைச் செய்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

பழகட்டும் என்று வினோதன் அண்ணா ஒரு சின்னப் பிழையைத் தந்தார். திருத்தி, எல்லாருடைய வேலையும் சேரும் பொது இடத்துக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அவர் வந்திட்டாரா?"

"ஆர்?"

"லாபிர். இப்ப வேலை அனுப்பியிருக்கார், ஃபோனுக்கு மெசேஜ் வந்திச்சி. நான் பல்கீஸ். அவருக்கிட்ட குடுங்க!"

திரையைப் பார்த்தேன். அனுப்பியவர்: லாபிர். கோப்புறையோடு அவர் பெயரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருபவருக்குப் பக்கத்தில் இருந்து பெயரை மாற்றிக் கொடுப்பது அவருடைய வழக்கமாம். அவர் போன பிறகு வந்த முதல் ஆள் நான்.

"அக்கா, அது நான். புதுசா வந்தனான். அவற்ற பேரை மாத்தேல்லை."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"மாத்திடாதீங்க. நான் வாறன்."

ஓட்டோவில் கிண்ணியாப் பாலம் தாண்டி வந்தாள். வியர்த்துக் கொட்டியது. நான் எழும்பி என் கதிரையைக் கொடுத்தேன். திரையில் இருந்த வரியை வாசித்தாள்.

"அவர் கதைக்கிற மாதிரியேதான்," என்றாள். "பேரைக் கண்ட உடனே அவருக்கும் சேத்து அரிசி போட்டுட்டன், தங்கச்சி."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எங்க மாத்துற?"

காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாக அவளே அழித்தாள். கடைசி எழுத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அழித்தாள்.

"உங்கட பேர்?"

"கீர்த்தனி."

அடித்தாள். எழும்பி, முக்காட்டைச் சரி செய்துகொண்டு வினோதன் அண்ணாவின் மேசைக்குப் போனாள்.

"சேர், எனக்கு நீண்ட லீவு வேணும்," என்றாள். "இண்டையிலிருந்து இத்தா இருக்கப் போறன்."